மருந்தை மாற்றலாமா?



போன மாதக் கூட்டம் முடிந்து நாம் மேடையை விட்டு இறங்குகிற சமயத்தில், ஒரு தோழர் ஒரு துண்டுக் காகிதத்தை நமது கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தோம். அதில் இருந்ததெல்லாம் இரண்டு வரிதான். "என் மனைவிக்கு மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் வியாதி. ஐந்து வருஷமாய் ஒரே மருந்து. இப்பொழுது டாக்டர் மருந்தை மாற்றச் சொல்லுகிறார். மாற்றலாமா, கூடாதா?" என்று கேட்டிருந்தார். பெயர் போடவில்லை.

இதை அவர் நம்மிடத்தில் கேட்டதற்குக் காரணம் உண்டு. நமது தங்கைக்கும் இதே வியாதி என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். ஆனாலும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் வைத்தியரல்ல. மாற்று என்றோ, மாற்றாதே என்றோ சொல்லுவதற்கு நமக்கு யோக்கியதை கிடையாது. முகம் தெரியாத ஒரு அம்மாளின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மேடையில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்லுகிறவனை நீங்கள் நம்பவும் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, யாரைக் கேட்பது, என்னென்ன கணக்குப் பார்ப்பது என்பதை நமது வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம். அதை மாத்திரம் இன்று சொல்லுகிறோம்.

வியாதி என்னவென்பதைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறதல்லவா? அதைப் போலவே நமது நரம்பு இழைகளுக்கு மேலே மையலின் என்று ஒரு உறை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளைக் கொல்லுவதற்கென்று நமது ரத்தத்தில் இருக்கிற காவல் அணுக்கள், புத்தி பிசகி, சொந்த வீட்டுக்காரனையே திருடன் என்று அடிப்பதுபோல, அந்த உறையைத் தின்ன ஆரம்பிக்கின்றன. எந்த இடத்தில் தின்கிறதோ அந்த இடத்துக்குத் தக்கபடி கண் மங்கும், கால் இழுக்கும், கை மரக்கும், சிறுநீர் அடங்காது. 1868-ல் பாரிஸ் நகரத்துச் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்க்கோ என்கிற வைத்தியர் இதை ஒரு தனி வியாதியாகப் பிரித்துக் காட்டினார். இன்று உலகத்தில் ஏறக்குறைய 29 லட்சம் பேருக்கு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் நடுவில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

இந்த வியாதியில் ஒரு விசேஷம் இருக்கிறது. நூற்றுக்கு 85 பேருக்கு இது ஆரம்பத்தில் வந்து வந்து போகும். கண் மங்கினால் ஆறு வாரத்தில் தானாகவே பெரும்பாலும் தெளிந்துவிடும். கால் இழுத்தால் சில மாதத்தில் பாதிக்கு மேல் சரியாகிவிடும். இப்படித் தானாகவே போய்விடுகிற வியாதியைப் போல ஏமாற்றுக்காரனுக்கு உதவுவது வேறொன்று இருக்க முடியுமா? கண் மங்கின மூன்றாவது வாரத்தில் வேப்பிலை அடித்தால் வேப்பிலையால் தெளிந்ததாகும். தாயத்துக் கட்டினால் தாயத்து. எண்ணெய் தேய்த்தால் எண்ணெய். ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் மாத்திரம் யாருக்கும் கூலி கிடையாது. நமது தங்கைக்கு முதன் முதலில் இடது கண் மங்கினபோது, அவள் மாமியார் வீட்டில் ஒரு பூசாரிக்கு ஆட்டுக்கடா ஒன்றும் பணமும் போயிற்று. கண் தெளிந்தது. பூசாரிக்கு நல்ல பெயர். இரண்டு வருஷம் கழித்துக் கை மரத்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இந்தச் சட்டத்தைப் பூசாரிக்கு மாத்திரம் வைத்துவிட்டு டாக்டருக்கு வைக்காமலிருப்பது நியாயமா? அல்லவே அல்ல. ஊசி போட்டபிறகு ஆறு மாதம் நன்றாயிருந்தாள் என்றால், ஊசியினால்தான் நன்றாயிருந்தாள் என்பதற்கு என்ன ருஜு? தானாகவே நன்றாயிருக்கிற ஆறு மாதமாக அது ஏன் இருக்கக்கூடாது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத மருந்தும் வேப்பிலைதான். அதனாலேயே 372 வியாதியஸ்தர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் ஊசியும், மற்ற இரண்டு கூட்டத்துக்கும் இன்டர்பெரான் என்கிற மருந்தைக் குறைந்த அளவிலும் கூடின அளவிலும் போட்டு, யாருக்கு எது போகிறது என்பதை அவர்களுக்கும் தெரியாமல், பார்க்கிற டாக்டருக்கும் தெரியாமல் வைத்துச் சோதித்தார்கள். அந்தக் கணக்கு 1993-ல் வெளிவந்தது. வெறும் ஊசிக்காரர்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 1.27 தடவை வியாதி தாக்கிற்று. கூடின அளவு மருந்துக்காரர்களுக்கு 0.84 தடவை. அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடியோடு போய்விடவில்லை. ஆனாலும் மூன்றில் ஒன்று குறைந்தது என்பது உண்மை. அதுவரையில் இந்த வியாதியின் போக்கை மாற்றுவதாக அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூடக் கிடையாது.

இதிலிருந்து ஒரு விஷயத்தை நன்றாய்க் கவனிக்கவேண்டும். இந்த மருந்துகள் போன காலைத் திருப்பிக் கொடுப்பதில்லை. வருகிற தாக்குதலைத் தடுக்கப் பார்க்கின்றன. ஆகவே மருந்து வேலை செய்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் நடக்காமலிருப்பதுதான் அதன் வேலை. தலைவலி மாத்திரையைப் போல் விழுங்கிய அரைமணியில் சுகம் தெரியவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள், "இந்த ஊசியால் காய்ச்சல்தான் வருகிறதே ஒழிய வேறென்ன கண்டோம்?" என்று நிறுத்திவிடுகிறார்கள். தாக்குதல் வந்த சமயத்தில் மூன்று நாள் ஐந்து நாள் ஏற்றுகிற ஸ்டீராய்டு மருந்து வேறு. அது தெளிவைச் சீக்கிரப்படுத்தும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இனி நமது தங்கையின் விஷயத்துக்கு வருகிறோம்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாரத்துக்கு மூன்று நாள் தானாகவே தொடையில் இன்டர்பெரான் ஊசி போட்டுக்கொண்டு ஆறு வருஷம் இருந்தாள். ஊசி போட்ட ராத்திரியெல்லாம் குளிர் காய்ச்சல். அதையும் பொறுத்துக்கொண்டு காலையில் பள்ளிக்கூடம் போவாள். சென்ற வருஷம் சித்திரையில் ஒரு நாள், "அண்ணா, வலது கால் செருப்பு நிற்கமாட்டேனென்கிறது, தேய்த்துத் தேய்த்து நடக்கிறேன்" என்றாள். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "வெயில், கண்ணு. கத்திரி கழிந்தால் சரியாய்ப் போகும்" என்றோம். இதில் பாதி உண்மை உண்டு. உடம்பில் சூடு ஏறினால் பழைய புண்பட்ட நரம்பு சரியாகச் சேதி கடத்தாது. 1890-லேயே ஊட்டாப் என்கிற ஜெர்மன் வைத்தியர் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். காய்ச்சலிலும், மூத்திரக் குழாயில் கிருமி சேர்ந்தாலும் அப்படித்தான் ஆகும். அவையெல்லாம் புதிய தாக்குதல் அல்ல. ஆனால் சூடு தணிந்தால் அது தணியவேண்டும். காய்ச்சலோ கிருமியோ இல்லாமல், இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் ஒரு புதுக் குறை நின்றால் அதைத் தாக்குதல் என்று எண்ணி உடனே போய்க் காட்டவேண்டும். அவளுக்குப் பதினாறு நாள் நின்றது. பதினாறு நாளும் நமது வெயில் வைத்தியத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினாறு நாளுக்கு நாம்தான் ஜவாப்தாரி.

அதற்கு முன்னாலும் ஒரு கோளாறு நடந்திருந்தது. அப்பொழுது பார்த்துக்கொண்டிருந்த வைத்தியசாலையில் இரண்டு வருஷமாக ஸ்கேனே எடுக்கவில்லை. "நன்றாய்த்தானே இருக்கிறீர்கள், எதற்குச் செலவு?" என்பார்கள். நாமும் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் இந்த வியாதியில் வெளியில் தெரிகிற ஒரு தாக்குதலுக்கு உள்ளே தெரியாமல் பல புள்ளிகள் விழும். பார்க்காமலிருந்தால் இல்லை என்று அர்த்தமாகாது. புதிய டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் பழைய படத்தில் இல்லாத மூன்று புள்ளிகள் மூளையிலும், ஒன்று தண்டுவடத்திலும் இருந்தன.

அந்த டாக்டரம்மாள் உடனே மருந்தை மாற்று என்று சொல்லிவிடவில்லை. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, "ஊசி எத்தனை தடவை தவறிற்று?" என்று கேட்டார்களாம். நமது தங்கை கொஞ்ச நேரம் சும்மாயிருந்துவிட்டு, "மாதத்தில் இரண்டு மூன்று" என்று ஒப்புக்கொண்டாள். பரீட்சைக் காலத்தில் காய்ச்சலோடு விடைத்தாள் திருத்த முடியாமல், ஊசியைப் போடாமலே ஐஸ் பெட்டியில் ஒதுக்கி வைத்துவிட்டு, நம்மிடத்திலும் மாப்பிள்ளையிடத்திலும் போட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறாள். ஏன் பொய் சொன்னாள்? சொன்னால் நாம் சத்தம் போடுவோம் என்று. வியாதிக்காரியைப் பொய் சொல்லும்படி வைத்தது யார் குற்றம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மருந்து தோற்றதா, மருந்தைப் போட்டுக்கொள்ளுகிறது தோற்றதா என்பது முதல் கேள்வி. இரண்டும் வேறு வேறு. மருந்தை ஒழுங்காய்ப் போட்டும், அது பலன் கொடுக்கப் போதுமான காலம் சென்றும், ஒரு வருஷத்துக்குள் ஒரு தாக்குதலாவது, இரண்டு புதிய புள்ளிகளாவது, அல்லது பரிசோதனையில் அதிகப்பட்ட ஊனமாவது கண்டால், மாற்றுவதைப் பற்றி வியாதியஸ்தரோடு பேசவேண்டும் என்று அமெரிக்க நரம்பு வைத்தியர் சங்கம் 2018-ல் வழி சொல்லியிருக்கிறது. ஒழுங்காய்ப் போடமுடியாதபடி அந்த மருந்து உபத்திரவம் செய்கிறதென்றால் அதுவும் மாற்றுவதற்கு ஒரு நியாயமே. அவள் விஷயத்தில் இரண்டும் சேர்ந்திருந்தது. "காய்ச்சல் வராத மருந்தாயிருந்தால் தவறவிடுவாயா?" என்று கேட்டதற்கு, "மாட்டேன்" என்றாள். ஆகவே மாற்றலாம் என்று டாக்டரம்மாள் அபிப்பிராயம் சொன்னார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சம்பந்தி வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்துக் கூடிற்று. மாமியார், மாமனார், மூத்த மைத்துனர், அவருடைய பம்பாய் சிநேகிதர் ஒருவர், பிறகு நாம். மாமியார், "ஆறு வருஷமாய்ப் பழகின மருந்தை விட்டுவிட்டுப் புது மருந்தா? தெரியாத பேயைவிடத் தெரிந்த பிசாசு மேல்" என்றார்கள். மைத்துனர், எங்கேயோ யாரோ புது மருந்து போட்டுச் செத்துப்போனதைப் படித்ததாகச் சொன்னார். பம்பாய்க்காரரோ, புது மருந்தென்றால் உசத்தி மருந்து, விலை எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு நல்லது, ஆகையால் இருப்பதிலேயே விலை கூடினதைப் போடவேண்டும் என்றார். நாம் எந்தப் பக்கம் பேசினோம் என்று இப்பொழுது ஞாபகமில்லை; இரண்டு பக்கமும் பேசியிருப்போம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. காப்பித் தட்டோடு வந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "எல்லோரும் மாற்றினால் என்ன ஆகும், மாற்றினால் என்ன ஆகும் என்றே கேட்கிறீர்கள். மாற்றாமலிருந்தால் என்ன ஆகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே, அண்ணா? கால் என்னுடையதுதானே?" என்றாள்.

திண்ணையில் சத்தமில்லை. நமக்கு வெட்கமாகப் போயிற்று. பெண்ணுக்குச் சொத்தில் பாத்தியம் உண்டு, கலியாணத்தில் பாத்தியம் உண்டு என்று மேடைமேடையாய்ப் பேசிவிட்டு, அவள் காலைப் பற்றி அவளைக் கேட்காமல் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம் அல்லவா?

மாற்றாமலிருப்பதும் ஒரு தீர்மானமே. நாம் ஒன்றும் செய்யாமலிருந்தால் நமது பேரில் பழி வராது என்று ஜனங்களுக்கு ஒரு எண்ணம். மருந்தை மாற்றிக் கெடுதி வந்தால், "மாற்றினதால் வந்தது" என்கிறோம். மாற்றாமல் கெடுதி வந்தால் "தலையெழுத்து" என்கிறோம். இரண்டு கெடுதியும் அவள் உடம்பில்தானே வருகிறது? ஒன்றுக்கு மாத்திரம் கணக்கு எழுதி மற்றொன்றை எழுத்தின்மேல் போடுவது எந்தக் கடையில் நடக்கும்?

புது மருந்தைக் கண்டு பயப்படுவதிலும் காரணமில்லாமலில்லை. அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். நட்டாலிசுமாப் என்கிற மருந்து 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நல்ல பலனுள்ள மருந்து. சுமார் மூன்று மாதத்தில், 2005 பிப்ரவரியில், அதை விற்பனையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஏன்? அது போட்டுக்கொண்ட சிலருக்குப் பி.எம்.எல். என்கிற கொடிய மூளை வியாதி வந்துவிட்டது. ஜே.சி. வைரஸ் என்று ஒரு கிருமி, வயது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்பில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது. காவல் அணுக்களை மூளைக்குள் போகவிடாமல் இந்த மருந்து தடுக்கும்போது, தூங்குகிற கிருமி விழித்துக்கொண்டு மூளையைத் தின்றுவிடுகிறது. பிறகு சோதனையில் அந்த மருந்து போட்டுக்கொண்ட சுமார் 3,000 பேரைத் தேடிப் பரிசோதித்ததில், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி வந்ததாகக் கணக்குக் கண்டார்கள். அதன்மேல் 2006 மார்ச்சில் விசாரணை நடந்தபோது வியாதியஸ்தர்கள் பலர் தாங்களே நேரில் வந்து, அபாயத்தைத் தெரிந்துகொண்டே அந்த மருந்தைத் தங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார்கள். ஜூனில் அது கடுமையான நிபந்தனைகளோடு திரும்பி வந்தது. 2012 முதல் அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க அனுமதி பெற்ற பரிசோதனையும் இருக்கிறது. அடையாளமில்லாதவர்களுக்கு அபாயம் பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அடையாளம் இருந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் போட்டு, முன்னாலே வேறு எதிர்ப்பு அடக்கும் மருந்தும் சாப்பிட்டவர்களுக்கு அபாயம் பல மடங்கு ஏறுகிறது.

ஆகவே "அந்த மருந்து அபாயமா?" என்ற கேள்வியே தப்பு. யாருக்கு, எத்தனை வருஷத்தில், எத்தனை பேரில் ஒருவருக்கு என்று கேட்கவேண்டும். மைத்துனர் படித்த செய்தி பொய்யல்ல. ஆனால் அது யாரோ ஒருவருடைய ரத்தத்தின் கணக்கு.

பம்பாய்க்காரருக்கும் பதில் உண்டு. டாக்லிசுமாப் என்று ஒரு மருந்து 2016-ல் இந்த வியாதிக்கு அனுமதி பெற்றது. இந்த வியாதிக்குப் புதியது, விலையும் கூடினது. மூளை வீக்கமும் ஈரல் கெடுதியும் கண்டு 2018 மார்ச்சில் உலகமெங்கும் அது நிறுத்தப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பம்பாய்க்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அதைத்தானே சொல்லியிருப்பார்? புதியது என்பதும் பழையது என்பதும் நாட்காட்டியைப் பற்றின சேதியே ஒழிய மருந்தைப் பற்றின சேதி அல்ல.

அன்று ராத்திரி தங்கை ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துத் தன் கேள்விகளைத் தானே எழுத ஆரம்பித்தாள். கணக்கு வாத்தியாரல்லவா? "பாதியாகக் குறைக்கும் என்றால் எதில் பாதி? நூற்றில் நாற்பதா, ஆயிரத்தில் இரண்டா?" என்பது அவள் முதல் கேள்வி. டாக்டரம்மாள் சிரித்துவிட்டார்களாம், ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளுகிற டாக்டரிடத்திலும் நாம் முன்பு போயிருக்கிறோம்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசை. அதைத் திண்ணையில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவள் நோட்டில் இரண்டாவது வரியே அதுதான். அந்த ஒரு வரியில் பாதி மருந்துகள் கழிந்துபோயின. டெரிபுளூனமைட் மாத்திரை கருவுக்குக் கெடுதி செய்யக்கூடியது. நிறுத்தினாலும் சிலருக்கு இரண்டு வருஷம் வரையில் ரத்தத்தில் தங்கும். சீக்கிரம் போக்கவேண்டுமானால் பதினொரு நாள் வேறு மருந்து சாப்பிட்டுக் கழுவவேண்டும். பிங்கோலிமாட் மாத்திரையோ, 2010-ல் முதல் முதலாக வந்த விழுங்கும் மருந்து. முதல் மாத்திரைக்கு நாடித்துடிப்பு குறையக்கூடும் என்று ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். அதிலும் கரு தரிக்கக்கூடாது. கருவுக்காக நிறுத்தினால் வியாதி முன்னிலும் உக்கிரமாய்த் திரும்பி அடிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து இலாகா 2018 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. ஏறின மாடியிலிருந்து இறங்கப் படியில்லையென்றால் ஏறுகிறதற்கு முன்னாலேயே யோசிக்கவேண்டாமா? மாற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்கவேண்டும்: பழைய மருந்தை விடுவதற்கும் புது மருந்து பிடிப்பதற்கும் நடுவில் எத்தனை நாள் இடைவெளி? அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது எது? இன்டர்பெரானிலிருந்து மாறுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. நட்டாலிசுமாபிலிருந்து மாறுகிறவர்களுக்கு மூன்று நாலு மாத இடைவெளிகூட அபாயம்.

ரத்தத்தில் ஜே.சி. அடையாளம் அதிகமாயிருந்தது. ஆகவே நட்டாலிசுமாப் கழிந்தது. கடைசியில் பி அணுக்கள் என்கிற ஒரு வகைக் காவல் அணுவைக் குறைக்கிற மருந்துகள் நின்றன. ஓக்ரலிசுமாப் 2017-ல் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஏற்றுவது. இன்டர்பெரானோடு நேருக்கு நேர் வைத்துச் சோதித்ததில், வருஷத்துக்கு 0.29 தாக்குதல் 0.16 ஆகக் குறைந்தது. விலையைக் கேட்டோம், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குச் சொந்தக்கார மருந்து ரிட்டுக்சிமாப். 1997-ல் ரத்தச் சம்பந்தமான ஒரு புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற பழைய மருந்து. நமது தேசத்திலேயே பல கம்பெனிகள் செய்வதால் விலை எவ்வளவோ குறைவு. ஆனால் இந்த வியாதிக்கென்று முறையான அனுமதி அதற்கு வாங்கப்படவில்லை. டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் எழுதிக் கொடுக்கிறார்கள். அனுமதி இல்லாததைப் போடலாமா என்று நமக்குப் பயம். அவளோ சோதனைக் கணக்கு உண்டா என்று கேட்டாள். உண்டு. ஸ்வீடன் தேசத்தில் 200 பேரை இரண்டு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்துக்கு ரிட்டுக்சிமாபும் மற்றதற்கு டைமெதில் பியூமரேட் என்கிற மாத்திரையும் கொடுத்து இரண்டு வருஷம் பார்த்தார்கள். 2022-ல் வெளிவந்த கணக்கு: ரிட்டுக்சிமாப் கூட்டத்தில் நூற்றுக்கு 3 பேருக்குத் தாக்குதல், மாத்திரைக் கூட்டத்தில் நூற்றுக்கு 16. உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2023-ல் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த வியாதிக்கென்று முதல் தடவையாக மூன்று மருந்துகளைச் சேர்த்தது. அதில் இது ஒன்று. கிளாட்டிராமரும் கிளாட்ரிபினும் மற்ற இரண்டு.

அவள் ரிட்டுக்சிமாபைத் தேர்ந்துகொண்டாள். மாமியாரிடத்தில் தானே போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு நாள் பேசவில்லை, மறுநாள், "எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும், சோறு கட்டவேண்டுமா?" என்று கேட்டார்கள். அதோடு அந்தப் பஞ்சாயத்து தீர்ந்தது.

ஏற்றுவதற்கு முன்னால் ஈரல் கிருமியான ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா, நமது தேசத்தில் எங்கும் ஒளிந்திருக்கிற காசநோய் உள்ளே இருக்கிறதா என்றெல்லாம் சோதித்தார்கள். இந்த மருந்துக்குப் பிறகு தடுப்பூசி சரியாய்ப் பிடிக்காது என்பதால், போடவேண்டிய தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுச் சில வாரம் பொறுத்தார்கள். காவலைக் குறைக்கிற மருந்தாகையால் சாதாரண காய்ச்சல் சளியையும் இனி அலட்சியம் செய்யக்கூடாது. புது மருந்து பிடித்துச் சில மாதத்துக்குப் பின் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கு முன்னால் விழுந்த புள்ளிகளின் பழி புது மருந்தின்மேல் வராதபடி, "இன்றிலிருந்து கணக்கு" என்று கோடு கிழிப்பது மாதிரி.

பதினாலு மாதம் ஆகிறது. புதிய புள்ளி இல்லை. வலது கால் முழுதும் திரும்பவில்லை. நெடுந்தூரம் நடந்தால் இன்னமும் இழுக்கிறது. அது திரும்பாது என்று எண்ணிக்கொண்டே நடக்கிறாள். பதினாலு மாதம் நன்றாயிருப்பதால் மருந்து ஜெயித்தது என்று நாம் சொன்னால், பூசாரியிடத்தில் கேட்ட கேள்வியை நீங்கள் நம்மிடத்திலும் கேட்கலாம். ஒருத்தியின் கதையால் ஒன்றும் ருஜுவாகாது. ஸ்வீடன் கணக்குக்காகத்தான் போட்டாளே ஒழிய, நமது வீட்டுக் கணக்குக்காக நீங்கள் ஒருவரும் போடவேண்டாம்.

குழந்தை விஷயத்தில், கடைசி மருந்து ஏற்றி எத்தனை மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம் என்பதை டாக்டரம்மாளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பெற்றால் வியாதி முற்றும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ஐரோப்பாவில் 12 தேசங்களில் 254 பெண்களைப் பார்த்து 1998-ல் எழுதின கணக்கு வேறு சொல்லுகிறது. கருவுக்கு முன் வருஷத்துக்கு 0.7 ஆயிருந்த தாக்குதல், கடைசி மூன்று மாதத்தில் 0.2 ஆகக் குறைகிறது. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதத்தில் 1.2 ஆக ஏறுகிறது. அந்த மூன்று மாதத்துக்குத் திட்டம் வேண்டும். அதை இப்பொழுதே எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே முன் வரிசையில் இருக்கிற பெரியவர், "எனக்கு அறுபத்திரண்டு வயது, பத்து வருஷமாய்த் தாக்குதலில்லை, நிறுத்திவிடலாமா?" என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். அதற்கும் சோதனை உண்டு. 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, ஐந்து வருஷமாய்த் தாக்குதலில்லாத 259 பேரை அமெரிக்காவில் இரண்டாய்ப் பிரித்தார்கள். 2023-ல் வந்த கணக்குப்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 4.7 பேருக்கும், நிறுத்தினவர்களில் 12.2 பேருக்கும் தாக்குதலோ புதுப் புள்ளியோ வந்தது. பெரும்பாலும் ஸ்கேனில் தெரிந்த புள்ளிகள்தான். நிறுத்தினால் கெடுதியே இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. நிறுத்தினவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் வரவுமில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தன் டாக்டரிடத்தில் பேசட்டும்.

துண்டுக் காகிதம் கொடுத்த தோழர் இந்தக் கூட்டத்தில் இருப்பார் என்று நம்புகிறோம். இதைப் பற்றி வீட்டில் சொன்னபோது நமது தங்கை ஒன்று கேட்டாள்: "அந்தச் சீட்டை ஏன் அவர் மனைவி எழுதவில்லை, அண்ணா?" அவள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பாள். தோழர் தமது மனைவியாரை அழைத்துக்கொண்டு வரலாம். பழைய ஸ்கேன் படங்களையும், எந்தெந்த மருந்து எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்பையும் அந்த அம்மாளே கொண்டுவரட்டும். தவறின ஊசிகளின் கணக்கையும் கொண்டுவரலாம். எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போடமாட்டோம்.